கைகலப்பு என்று எழுதினார்கள்

பிப்ரவரி 9, வியாழன்

நம்பி உயிரோடு இருக்கிறார். வேறெதுவும் எழுதக் கை வரவில்லை.

பிப்ரவரி 11, சனி

பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரி. எலும்பு வார்டில் என் கணவர் நம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டிருக்கிறேன். தங்கை செண்பகம் கோவில்பட்டியிலிருந்து வந்து ஃபிளாஸ்க்கும் மாற்றுப் புடவையும் கொடுத்துவிட்டுப் போனாள். திருத்துவதற்காகப் பையில் வைத்திருந்த விடைத்தாள்களில் மேலே இருந்தவற்றில் ரத்தம் பட்டுக் காய்ந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று காலை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மற்றதை யோசிக்காமலிருக்க அது உதவியது.

நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

எங்கள் தெரு வழியாக விடிவதற்கு முன் ஆற்று மணல் லாரிகள் போகும். எல்லாம் உச்சிமாகாளியின் லாரிகள். போன மாதம் ஒரு லாரி தெருக்குழாயை நசுக்கிவிட்டுப் போனது. நம்பி தாசில்தார் ஆபீசுக்குப் போன் செய்து சொன்னார். அவர்கள் வந்து அடுத்த லாரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம்பி செய்தது இவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கல்லூரி விட்டு வந்து நெடுங்குளம் ஸ்டாப்பில் இறங்குவதற்காகப் பஸ் படியில் நின்றேன். நம்பி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையை அடைத்துவிட்டு என்னைக் கூட்டிப்போக டீக்கடை பக்கம் வந்து நிற்பது வழக்கம். அன்றைக்கும் வந்திருந்தார். தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார். நான்கு பேர் சுற்றி நின்று அடித்தார்கள். ஒருவன் கையில் லாரிக்கு ஜாக்கி வைக்கிற இரும்புக் கம்பி. உச்சிமாகாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றான்.

"மண்டையில போடாதீங்கலே, செத்துருவான். கையில போடுங்க. கம்பி சுத்துத கைய பாத்துப் போடுங்க."

இதை அவன் கத்திச் சொல்லவில்லை. பந்தல் கட்டுகிறவர்களுக்குக் கயிறை எங்கே முடிய வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னான். ஒருவன் நம்பியின் வலது கையைப் பிடித்து இழுத்து டீக்கடை படிக்கல்லின் மேல் வைத்து மிதித்துக்கொண்டான். இன்னொருவன் கம்பியால் அடித்தான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது. கடைக்காரர் அடுப்பைப் பார்க்காமல் நின்றதால் பால் பொங்கி வழிந்து கருகிய வாடை வந்தது.

நான் ஓடிப்போய் நம்பியின் மேல் விழுந்தேன். யாரோ என் கொண்டையைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தார்கள். எழுந்து பார்க்கும்போது ஒருவன் செருப்புக் காலால் நம்பியின் வாயில் உதைத்தான். பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். டீக்கடையில் இருந்த யாரும் அசையவில்லை. இரண்டு பற்களை மண்ணிலிருந்து பொறுக்கி என் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

வலது மணிக்கட்டு நொறுங்கியிருக்கிறது. விலா எலும்பும் தாடையும் உடைந்திருக்கின்றன. காயில் சுற்ற இனி அந்தக் கை வளைந்துகொடுக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "முதல்ல சட்டைப் பொத்தானைப் போடட்டும்மா" என்றார்.

பிப்ரவரி 13, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. நாற்காலி போடச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"கேஸ் பதிஞ்சாச்சு மேடம். ரெண்டு தரப்பு மேலயும் பதிஞ்சிருக்கு."

"ரெண்டு தரப்பா?"

"உங்க வீட்டுக்காரர்தான் முதல்ல கை ஓங்குனாராம். பதிலுக்கு அவங்களும் கை நீட்டியிருக்காங்க. பார்த்தவங்க சொல்லுதாங்க."

"நான் பார்த்தேன் சார். அவர் தலையை மூடிக்கிட்டு உக்காந்திருந்தார்."

"நீங்க பொஞ்சாதி. அப்படித்தான் சொல்லுவீங்க. பிரிவு நூத்தி அறுபது. இங்கிலீஷ்ல 'அஃப்ரே'ன்னு சொல்லுவாங்க. நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே, தெரிஞ்சிருக்கும்."

எஃப்.ஐ.ஆர். நகலில் 'பொது இடத்தில் கைகலப்பு' என்று இருக்கிறது. எதிரிகள் வரிசையில் உச்சிமாகாளியின் பெயருக்கு அடுத்து என் கணவரின் பெயர். தந்தை பெயர், வயது, தொழில் எல்லாம் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

அஃப்ரே என்ற அந்தச் சொல் எனக்குத் தெரியும். பழைய நாவல்களில் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறேன், ஒருதடவைகூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு போலீஸ்காரர் வாயில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

நம்பிக்கு ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு, செண்பகத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் இருக்கும் பெரிய அகராதியின் முதல் தொகுதியைக் கேட்டு வாங்கினேன்.

அஃப்ரே. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் பாமரர் பேசிய லத்தீன்: எக்ஸ்ஃப்ரிதாரே. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'ஃப்ரித்' ஜெர்மானியச் சொல், அமைதி என்று பொருள். ஒருவனை அவனுடைய அமைதியிலிருந்து வெளியே இழுத்துப் போடுவது என்பதுதான் வேர். ஆங்கிலத்தில் முதலில் அது வினைச்சொல்லாக இருந்திருக்கிறது: அச்சுறுத்து, திடுக்கிடச் செய். தூங்குகிறவனைப் பதறி எழ வைப்பதற்கும் அதே சொல்தான். சண்டை என்கிற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சட்டப் புத்தகங்கள் இருக்கும் பக்கமும் போனேன். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், ஒருவன் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு சந்தையில் நடந்து ஜனங்களைக் கலங்கடித்தாலே அதை அஃப்ரே என்று சொல்ல இடம் இருந்திருக்கிறது. எதிரே ஒருவன் நின்று சண்டை போட வேண்டியதில்லை. பயந்தவர்களைக் காப்பதற்கு இருந்த சொல் அது. நம்முடைய தண்டனைச் சட்டத்தில் எழுதும்போது 'இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சண்டையிட்டு' என்று ஆகிவிட்டது. இருவர் வேண்டும் என்று ஆனதும் அடிபட்டவனும் கணக்கில் சேர்ந்துவிடுகிறான்.

நமது சொல் இன்னும் மோசம். கைகலப்பு. கலப்பதற்கு இரண்டு பக்கமும் கை வேண்டும். நம்பியின் கை எதனோடும் கலக்கவில்லை. அவர் தலைமேல் இருந்தது.

மார்ச் 4, சனி

வீட்டுக்கு வந்தோம். வீடு முழுக்கத் தூசி. தண்ணீர் பிடித்தேன், கொடிக்கயிறை இறக்கிக் கட்டினேன். நம்பியை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினேன். முதுகில் சோப்புப் போடும்போது, பின்னாலிருந்து தொடாதே, தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடு என்றார். சரி என்றேன்.

இப்போது ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன்.

மார்ச் 19, ஞாயிறு

தட்டு உடைந்துவிட்டது. பீங்கான் தட்டு, கல்யாணத்துக்கு வந்தது. ரசம் சூடாக இருந்ததுதான் காரணம். அவருக்கு இடது கையால் சாப்பிட வருவதில்லை. சாதத்தைப் பிசைய முடியவில்லை. ஊட்டிவிடட்டுமா என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

சுவரில் தெறித்த ரசத்தைத் துடைத்தும் மஞ்சள் போகவில்லை. என் உதட்டில் சின்ன வெட்டு. சில்லு தெறித்ததுதான்.

மார்ச் 28, செவ்வாய்

இட்லி மாவு புளித்துவிட்டது. வெயில் அதிகம்.

ஏப்ரல் 18, செவ்வாய்

முதல் வாய்தா. எங்கள் வக்கீல் மரியபுஷ்பம் கோர்ட் வாசலிலேயே நின்றிருந்தார். குள்ளமான பெண், குரல் மட்டும் பெரியது. பிரித்துச் சொன்னார்.

"தங்கம் மேடம், இதுக்குத் தண்டனை பெருசா கிடையாது. ஒத்துக்கிட்டா நூறு ரூபா அபராதம், இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம். ஆனா ஒத்துக்கிட்டா, உங்க சாரும் சண்டை போட்டாருன்னு ரெக்கார்டு ஆயிரும். அப்புறம் கை உடைச்சதுக்கு அவன் மேல கேஸ் போட்டா நிக்காது. மறுத்தீங்கன்னா விசாரணை நடக்கும். இதுல விடுதலை ஆனாத்தான் அடுத்ததுல பலம்."

உச்சிமாகாளியும் அவனுடைய ஆட்களும் வரிசையாக நின்று ஒத்துக்கொண்டார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே போகும்போது ஒருவன் விசிலடித்தான். நம்பியின் முறை வந்தது. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஒத்துக்கிட்டு வந்துருவோம் தங்கம். எனக்கு அவன் மூஞ்சியப் பார்க்க முடியாது." நான் முடியாது என்றேன். நீங்கள் செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது என்றேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "இல்லை" என்று நம்பி சொன்னது முன்வரிசைக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் முறை சொல்லும்போது குரல் உடைந்தது.

பஸ்ஸில் வரும்போது அவர் பேசவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு பேசினார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

செண்பகத்துக்கு இன்று வளைகாப்பு. போகவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று போனில் சொன்னேன். "எக்கா, போன தடவையும் அதான சொன்ன?" என்றாள். தரையில் பாசி என்றேன்.

பிளீச்சிங் பவுடர் வாங்க வேண்டும்.

ஜூன் 19, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. இந்த வெக்கையில் எதற்கு முழுக்கை ரவிக்கை என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள்.

இரண்டாம் ஆண்டு வகுப்பு. வினையெச்சம், பெயரெச்சம் போல ஆங்கிலத்தில் வினையிலிருந்து பிறக்கும் வடிவங்களை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் நாற்காலியைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். அந்தச் சத்தத்தில் நான் சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். வகுப்பு முழுவதும் பார்த்தது. அந்தப் பெண்ணின் நோட்டைப் பிடுங்கிக் கிழித்து எறிந்தேன். வெளியே நில் என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே போனாள். பெயர்கூட எனக்குத் தெரியாது.

மணி அடித்ததும் தேடிப்போய் அவளிடம் புது நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கையை நீட்டிக்கொண்டுதான் வாங்கினாள், பக்கத்தில் வரவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

பக்கத்து வீட்டு ராமலெட்சுமி அக்கா கருவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்தாள்.

"காலையில என்னட்டி சத்தம்?"

"டி.வி. அக்கா."

"உங்க வீட்டு டி.வி. ரிப்பேர்னுல்ல அன்னைக்குச் சொன்ன?"

"சரியாயிட்டு."

கருவேப்பிலையை வாங்கிக்கொண்டு அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். பிறகு, "நம்பி தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்லையேட்டி" என்றாள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் சத்தம் போட்டுக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. காயில் கட்டும்போது செம்புக் கம்பி அறுந்துவிட்டால் கம்பியிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷன். கடையில் உதவிக்கு நிற்கிறவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மத்தியானம் சட்டப்பிரிவை மறுபடி படித்தேன். சண்டை பொது இடத்தில் நடக்க வேண்டும், பொது அமைதி குலைய வேண்டும். ரோடு, சந்தை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் பொது இடம். வாசல்படிக்கு உள்ளே நடப்பது எதுவும் அஃப்ரே ஆகாது. ஃப்ரித் என்ற அந்தப் பழைய சொல் வீட்டுக்குள் இருக்கும் அமைதியையும் குறித்ததா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அடுத்த முறை நூலகம் போகும்போது பார்க்க வேண்டும். எழுதும்போது விரல் மடங்க மறுக்கிறது. சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது, கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது.

செப்டம்பர் 10, ஞாயிறு

உச்சிமாகாளி வீட்டுக்கே வந்தான். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். கூட ஒருவன் வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன்தான் கம்பியை வைத்திருந்தவன்.

"அண்ணாச்சி, சௌக்கியமா? கை எப்படி இருக்கு?" என்று கேட்டபடி உள்ளே வந்து உட்கார்ந்தான். நம்பி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இருங்க இருங்க. நமக்குள்ள என்ன மரியாதை. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஒத்துக்கிட்டு நூறு ரூவாயைக் கெட்டிட்டுப் போயிருங்க. எதுக்கு இழுத்தடிக்கணும்? டீச்சர் படிச்சவுக, சட்டம் பேசுவாவ. நாளைக்கு இன்னொரு கைக்கு ஏதாவது ஆச்சுன்னா சட்டமா வந்து சோறு ஊட்டும்?"

"வெளிய போங்க" என்றேன்.

"போறேன் டீச்சர். காப்பி குடிச்சிட்டுப் போறேன்."

நம்பி என்னைப் பார்த்து, "காப்பி போடு" என்றார். போட்டேன். அவன் குடித்துவிட்டு டம்ளரை நம்பியின் மடியில் வைத்துவிட்டுப் போனான். பைக் சத்தம் தெரு முனை தாண்டும்வரை நம்பி அசையவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்தேன். நனைந்திருந்த கைலியை ஊறவைத்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தப்பாகிவிட்டது போலிருக்கிறது. பார்த்துவிட்டாயா, சொல்லு, பார்த்துவிட்டுத்தானே கழுவுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் சமைக்கவில்லை. வலது காதில் ஊங் என்று ஒரே சத்தம். சளி பிடித்திருக்கும்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். 'அஃப்ரெய்ட்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, பயந்திருக்கிறேன் என்று சொல்வதற்கு, அது தனிச்சொல் இல்லை. அஃப்ரே என்ற வினையின் இறந்தகால எச்சம் அது. அஃப்ரே செய்யப்பட்டவன் அஃப்ரெய்ட். வினை செத்துப்போய்ச் சட்டப் புத்தகத்தில் மட்டும் கிடக்கிறது, அதன் எச்சம் எல்லார் வாயிலும் புழங்குகிறது. யார் என்ன செய்தார்கள் என்பது மறந்துபோய், பயந்துபோன ஆள் மட்டும் மிச்சம்.

இது ஒரு நல்ல கட்டுரைக்கு ஆகும்.

அக்டோபர் 24, செவ்வாய்

டீக்கடைக்காரர் அரசுத் தரப்புச் சாட்சி. ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டாங்க என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போனார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. மரியபுஷ்பம் குறுக்கு விசாரணையில் எவ்வளவு மடக்கியும் அதையே திருப்பிச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சான்றிதழைக் காட்டியதற்கு, கீழே விழுந்ததில் கல்லில் பட்டிருக்கும் என்றார்.

அடுத்த வாய்தாவில் நம் தரப்புச் சாட்சி நான்தான். பார்த்தவர்களில் பேச முன்வந்தது நான் ஒருத்தி.

நவம்பர் 13, திங்கள்

மரியபுஷ்பம் தன் ஆபீசில் உட்காரவைத்துப் பழக்கினார்.

"அரசு வக்கீல் ஒண்ணு கட்டாயம் கேப்பாரு. உங்க வீட்டுக்காரர் முன்கோபக்காரர், கை நீட்டுற ஆளுன்னு நிறுவப் பார்ப்பாரு. அவர் யாரையுமே அடிச்சதில்லன்னு பட்டுனு சொல்லிரணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சாலே மாஜிஸ்திரேட் அய்யா குறிச்சிக்கிடுவாரு."

"சரி."

என் கன்னத்தைப் பார்த்தார். பவுடர் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்தேன்.

"மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

நவம்பர் 14, செவ்வாய்

முழுவதையும் எழுதுகிறேன். கோவில்பட்டியில், செண்பகம் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். மரியபுஷ்பம் கேட்கக் கேட்க அன்று பஸ் படியில் நின்று பார்த்ததைச் சொன்னேன். கம்பி, படிக்கல், மிதித்த கால், உச்சிமாகாளி சொன்ன வார்த்தை. தட்டச்சு செய்கிறவர் ஒரு இடத்தில் நிறுத்தி, "கம்பி சுத்துத கையின்னே அடிக்கவா அய்யா?" என்று கேட்டார். அப்படியே அடியுங்கள் என்றார் மாஜிஸ்திரேட். உச்சிமாகாளி பின் பெஞ்சில் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தான்.

பிறகு அரசு வக்கீல் எழுந்தார். வயதானவர், பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கணவருக்குக் கோபம் வருமா அம்மா?"

"வரும்."

"உங்க தெருவுல விசாரிச்சதுல, உங்க வீட்டுல அடிக்கடி சண்டைச் சத்தம் கேக்குதுன்னு சொல்லுதாங்க. உண்மையா?"

மரியபுஷ்பம் எழுந்து ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"நேரடியாவே கேக்கேன். உங்க கணவர் யார் மேலயும் கை நீட்டி அடிச்சதே இல்ல. அப்படித்தான?"

பட்டென்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நம்பி எதிர்க்கூண்டில் நின்றிருந்தார். வலது கையைச் சட்டைக்குள் விட்டு மறைத்திருந்தார். அவர் என்னைக் கெஞ்சிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

பொய் சொன்னால் அவர் தப்பிப்பார். உச்சிமாகாளி மாட்டுவான். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன், சத்தியமாகத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"என்னை அடிப்பார்" என்றேன்.

தட்டச்சு நின்றது. பின் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மரியபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்றார் மாஜிஸ்திரேட்.

"அதுக்குத்தான் ஐயா சொல்றேன். மார்ச் மாசத்துல இருந்து அடிக்காரு. தட்டை எறிஞ்சு உதட்டைக் கிழிச்சாரு. விரலை முறுக்குனாரு. செப்டம்பர்ல அறைஞ்சதுல வலது காது இன்னும் சரியாக் கேக்கல. எல்லாம் இடது கையால. ஏன்னா வலது கையை இவங்க உடைச்சிட்டாங்க." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அதுக்கு முன்னால பன்னெண்டு வருஷம் அவர் என் மேல ஒரு சுடுசொல் விட்டதில்ல. பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர் கை யார் மேலயும் படல. தலையை மூடிக்கிட்டு உக்காந்திருந்தார். நான் பார்த்தேன். இது ரெண்டும் நடந்தது. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்க எனக்கு முடியல. அவர் என்னை அடிக்கிறது தனி. அதை வச்சு அன்னைக்கு அவர் சண்டை போட்டாருன்னு எழுதாதீங்க."

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வயதுதான் இருக்கும் அவருக்கு.

"இதையெல்லாம் பதிவு பண்ணவா அம்மா? பண்ணினா உங்க கணவருக்கு..."

"தெரியும் ஐயா. பண்ணுங்க."

தட்டச்சு மறுபடி ஓட ஆரம்பித்தது. அரசு வக்கீல் தாளைப் புரட்டினார், இன்னொரு தடவை புரட்டினார், வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் நம்பி வந்து நின்றார். பக்கத்தில் வராமல், எட்டி நின்றார்.

"எல்லாரு முன்னாலயும் சொல்லிட்ட."

"ஆமா."

"உச்சிமாகாளி சிரிச்சான்."

"கேட்டுச்சு."

அவருடைய இடது கை மேலே எழுந்தது. எதற்கு எழுந்தது என்று தெரியவில்லை, கண்ணைத் துடைக்கக்கூட இருக்கலாம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டேன். விரலிடுக்கில் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படி மூடியிருக்கிறேன் என்று பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுவதைக் கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போய்க் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நம்பி என்னை அடித்தார். மார்ச்சிலிருந்து அடித்தார். இந்த நோட்டில் இதுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

நவம்பர் 22, புதன்

காது டாக்டரிடம் போனேன். செவிப்பறையில் கிழிசல். இரண்டு மாதம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சளி இல்லை.

டிசம்பர் 8, வெள்ளி

தீர்ப்பு. நம்பிக்கு விடுதலை. மரியபுஷ்பம் போனில் வாசித்துக் காட்டினார். தன் கணவருக்கு எதிரானதையும் மறைக்காமல் சொன்ன சாட்சியை இந்த நீதிமன்றம் முழுமையாக நம்புகிறது என்று எழுதியிருக்கிறாராம். அன்று அங்கே நடந்தது கைகலப்பு அல்ல, ஒருதலையான தாக்குதல் என்றும் இருக்கிறதாம்.

"அந்த ஒரு வரி போதும் மேடம். கை உடைச்ச கேஸை நாளைக்கே போடுறேன். உச்சிமாகாளி தரப்புல இப்பவே ஆள் அனுப்பிட்டாங்க, பேசித் தீர்ப்போம்னு." தாளை மடக்குவது கேட்டது. "இன்னொண்ணு இருக்கே. அதையும் போடணுமா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

நம்பி போன் செய்தார். எடுக்க வேண்டாம் என்று செண்பகம் கையை ஆட்டினாள். கைக்குழந்தையோடு எழுந்து வந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள். எடுத்தேன். கேட்கிற காதில் வைத்துக்கொண்டேன்.

"வக்கீலம்மா சொன்னாவ. ரெண்டு கேஸாமே."

"ரெண்டாவது இன்னும் போடல."

"போடு."

செண்பகத்தை உட்காரச் சொல்லிக் கைகாட்டினேன்.

"நீ சாட்சி சொல்லணும்னு இல்ல தங்கம். உன்னைக் கூண்டுல ஏத்தி ஒவ்வொண்ணா கேக்க வேண்டாம். நான் ஒத்துக்கிடுதேன்."

"என்னத்த ஒத்துக்கிடுதீங்க?"

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தார். தட்டு. ஏப்ரலில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அன்று. குளியலறை. விரல். நாற்காலி கழுவிய அன்று. எனக்கு மறந்துபோன இரண்டு நாட்களையும் சொன்னார். எதற்கும் காரணம் சொல்லவில்லை. பயந்திருந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. முடித்துவிட்டு, "இவ்வளவுதான்னு நினைக்கேன்" என்றார்.

"அதை அங்க வந்து சொல்லுங்க" என்றேன். "சத்தமா சொல்லணும்."

"சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டு மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டு, இரண்டையும் போடச் சொன்னேன். செண்பகம் முருங்கைக்காயை என் பக்கம் தள்ளினாள். நறுக்கிக் கொடுத்தேன்.